முகம் தெரிந்த சிலிண்டர்

இதனை எனக்கு முதன்முதலில் கூறியவர் எங்கள் பள்ளியில் தாவரவியல் கற்பித்த திருமதி கனகாம்புஜம். இலையின் நரம்பு ஒன்று குறைந்தாலும் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுபவர் அவர். எதையும் கூட்டிச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆதலால் அவர் கூறியவாறே எழுதுகிறேன்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்பு ஒன்றினுள் மரகதம்மாள் என்பவர் வாழ்ந்துவந்தார். கணவர் மறைந்தபின் அவருடைய இன்ஜின் பட்டறையைப் பல ஆண்டுகள் தாமே நடத்தியவர். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து கொடுப்பது அப்பட்டறையின் தொழில். ஒரு நாள் அதனை விற்றார். தோப்புக்குள் ஒரு கூடம் கட்டினார். வியாழக்கிழமைகளில் சிலர் அங்கு வந்து பேசாமல் அமர்ந்திருப்பர். அதன்பின் கேட்க விரும்புவோர் கேட்கலாம். பெரும்பாலும் அவர் விடை கூறுவதில்லை.

அவருடைய சீடர்களுள் வயதில் மூத்தவர் நஞ்சப்பன். வேளாண்மைத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர். அவர் குருவை 'அம்மா' என்பார்; குரு அவரை 'அண்ணா' என்பார். இதில் இருவருக்குமே குழப்பம் இருந்ததில்லை.

ஒரு வியாழனன்று நஞ்சப்பன் கேட்டார்.

"அம்மா, எனக்கு ஒரே தம்பி, சென்னியப்பன். அப்பா கட்டின வீட்டை நடுவுல சுவர் வச்சுப் பிரிச்சுக்கிட்டோம். அந்தப் பக்கம் அவனும் அவன் சம்சாரம் பழனாத்தாளும், இந்தப் பக்கம் நான். இன்னிக்கு வரைக்கும் ஒரு கடுஞ்சொல் கிடையாதுங்க. இப்போ அவன் பங்கை வித்துட்டுப் பெங்களூருக்கு, மக வீட்டுக்கே போறேங்கறான். மாசக் கடைசியில கிரயம்."

"சரிங்கண்ணா."

"போகாதேன்னு சொல்லணும். வாய் வரமாட்டேங்குது. சண்டை போட்டுக்கிட்டவங்களுக்கு வாய் வராது, அது நியாயம். சண்டையே போடாத எங்களுக்கு ஏனுங்க வரலை?"

மரகதம்மாள் சற்று நேரம் கூரையைப் பார்த்தார்.

"உங்க அப்பாவோட காரைக் கழட்டி வேலை பார்த்துட்டிருக்கறதாச் சொன்னீங்களே. ஓடுதா?"

நஞ்சப்பனின் முகம் வாடிற்று. கேட்டது ஒன்று, வந்தது ஒன்று.

"ஓடுதுங்க. புகையுதுங்க."

"என்ன நிறம்?"

"நீலம்."

"ஆயில் குறையுதா?"

"ஊத்த ஊத்தக் குறையுது."

"வந்து பார்க்கறேன்," என்றார் குரு.

அது ஓர் அம்பாசடர். தந்தை வாங்கியது. பாகப்பிரிவினையில் கிணற்று நீரை முறை வைத்துப் பிரித்தனர். தென்னைகளை எண்ணிப் பிரித்தனர். காரை மட்டும் பிரிக்க இயலவில்லை. அது இரு வீட்டுக்கும் பொதுவான கொட்டகையில் துருவேறிக்கொண்டு நின்றது. ஓய்வு பெற்றபின் நஞ்சப்பன் அதனைச் சீர்செய்யத் தொடங்கினார். அரித்துப்போன அடித்தகட்டை மாற்றினார். இருக்கைகளுக்குப் புதிய உறை தைத்தார். இன்ஜினைக் கோயமுத்தூருக்கு அனுப்பிச் சிலிண்டர்களைக் கடைந்து வாங்கி, புதிய பிஸ்டன்களையும் வளையங்களையும் வீட்டிலேயே தம் கையால் பூட்டினார்.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. தம்பியை முன்னிருக்கையில் அமர்த்தி ஆழியாறு அணை வரை போக வேண்டும். முகத்தை நோக்கிப் பேச இயலாததைச் சாலையை நோக்கிக்கொண்டு பேசிவிடலாம் என எண்ணினார். முதல் வெள்ளோட்டத்தில் தெருமுனை தாண்டுவதற்குள் காருக்குள் புகை சூழ்ந்தது. உடன்பிறந்தார் இருவரும் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு திரும்பினர்.

"நல்லா ஓடுதுங்கண்ணா," என்றார் சென்னியப்பன், இறங்கும்போது.

மரகதம்மாள் வந்த அன்று நஞ்சப்பன் இன்ஜினை முடுக்கினார். கொட்டகை நீலமாயிற்று. சுவருக்கு அப்பாலிருந்து சென்னியப்பன் வந்து நின்றார்.

"அண்ணா, சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சு சென்னி. நீ?"

"ஆச்சுங்க."

"புகை உங்க பக்கம் வருதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்று கூறிய சென்னியப்பன், இருமிக்கொண்டே திரும்பிப் போனார்.

"தினமும் இப்படித்தான் பேசிக்குவீங்களா?" என்று குரு கேட்டார்.

"ஒரு நாள் தப்பினதில்லீங்க." நஞ்சப்பனின் குரலில் பெருமை இருந்தது.

"இன்ஜினைப் பிரிச்சு வைங்க. பிஸ்டன் எல்லாத்தையும் வெளியே எடுத்துருங்க. அப்புறம் சொல்லி அனுப்புங்க."

அவர் சொன்னவாறே செய்யப்பட்டது. மீண்டும் வந்த மரகதம்மாள் குனிந்து முதல் சிலிண்டருக்குள் நோக்கினார்.

"என் முகம் தெரியுது," என்றார்.

நஞ்சப்பன் புன்னகைத்தார். "தெரியணுமேங்க. கோயமுத்தூர்ல இருந்து வந்தப்போ உள்ளே முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக் கீறி இருந்துச்சு. காசையும் வாங்கிட்டு இப்படியா வேலை செய்வாங்கன்னு ஆத்திரமா வந்துச்சு. நானே பொடி எமரித் துணி போட்டு, அப்புறம் பித்தளை பாலிஷ் போட்டு, துணியால தேய்ச்சு எடுத்தேன். ஒரு கோடு இல்லை பாருங்க."

"ஏன் கீறினீங்கன்னு அவங்ககிட்டக் கேட்கலையா?"

"எதுக்குங்க வம்பு?"

குரு முந்தானையை இடுப்பில் செருகினார். "முரட்டு எமரி இருக்குதா? கொஞ்சம் மண்ணெண்ணெயும் குடுங்க."

எமரித் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, விரல்களில் சுற்றி, சிலிண்டருக்குள் கையை விட்டார். சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் தேய்த்தார். இரும்பு அலறிற்று. நஞ்சப்பன் பற்களைக் கடித்தார்.

"அம்மா, கீறல் விழுதுங்க."

"விழட்டும்."

"மாசக்கணக்கா உழைச்சேனுங்க."

"தெரியுது. நல்ல உழைப்பு."

"உங்க பட்டறையில இப்படித்தான் செய்வீங்களா?"

"இதைவிட முரட்டுத்தனமாச் செய்வோம்."

துணியால் துடைத்துவிட்டு நகர்ந்து நின்றார். நஞ்சப்பன் குனிந்து பார்த்தார். முகம் இல்லை. சாம்பல் நிறச் சுவரில் சாய்வான கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கிடந்தன.

"பிஸ்டனைச் சுத்தியிருக்கற வளையம் புதுசு, சுவரும் புதுசு," என்றார் குரு. "ரெண்டும் உரசி உரசித்தான் ஒண்ணோட ஒண்ணு பொருந்தும். அதுக்குள்ள தேய்ஞ்சு போகாம இருக்க எண்ணெய் வேணும். எண்ணெய் கீறல்லதான் நிக்கும். நீங்க கீறலை அழிச்சுட்டீங்க. அது எங்கே போய் நிக்குமுங்கண்ணா? மேல ஏறி எரியுது."

நஞ்சப்பன் அந்தக் கோடுகளை விரலால் தடவினார். பின்பு மெல்லக் கேட்டார்.

"அப்போ, நான் அன்னிக்குத் தம்பியைப் பத்திக் கேட்டதுக்கு..."

"இன்னும் மூணு சிலிண்டர் இருக்குது," என்று கூறிய மரகதம்மாள், எமரித் துணியை அவர் கையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

குரு சென்றபின் நஞ்சப்பன் இரண்டாவது சிலிண்டரின் முன் நின்றார். அதில் தம் முகத்தைப் பார்த்தார். கை எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை இழுத்தார். பிறகு விடாமல் தேய்த்தார். அந்த ஓசை சுவரைத் தாண்டிற்று.

சென்னியப்பன் வந்தார்.

"அண்ணா, சாப்பிட்டாச்சுங்களா?"

நஞ்சப்பன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணா, என்ன பண்றீங்க? கண்ணாடியாட்ட இருந்ததைப் போய்க் கீறறீங்களே."

"நீ ஏண்டா போற?"

தந்தை உயிரோடிருந்த காலத்தோடு அந்த 'டா' அவ்வீட்டில் நின்றுபோயிருந்தது. சென்னியப்பன் தோள் துண்டை எடுத்து மறு தோளில் போட்டார்.

"அதில்லீங்கண்ணா. மக கூப்பிட்டுட்டே இருக்கறா. பேரன் வேற..."

"அந்தக் கதை வேண்டாம். எதுக்குப் போற?"

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

"எனக்கில்லாம எவனுக்குடா?"

சென்னியப்பன் காரின் திறந்த கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பழனாத்தாளைப் பிரசவத்துக்கு இந்தக் கார்லதான் கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனீங்க."

"ஆமா. கொட்டற மழையில நான்தான் ஓட்டினேன். பேறுகாலம்னதும் வேற எவன் வந்தான்?"

"ஓட்டினீங்க. யாரு இல்லைன்னா? பொறந்த குழந்தையை இன்னும் நான் கண்ணால பார்க்கலை. அதுக்குள்ள ஆஸ்பத்திரி வராந்தாவுல பக்கத்துல வந்து, 'சென்னி, பெட்ரோல் போட்டிருக்கேன், பார்த்துக்க'ன்னீங்க."

நஞ்சப்பனின் கை சிலிண்டருக்குள்ளேயே நின்றது.

"அப்பா வச்ச முறைடா அது. யாருக்காக வண்டி போகுதோ அவங்க பெட்ரோல்."

"முறைதான். எவ்வளவுங்கன்னு கேட்டேன். சில்லறையோட சொன்னீங்க."

"நீ ஒண்ணும் சொல்லலையேடா. 'சரிங்கண்ணா'ன்னு எடுத்துக் குடுத்தியே."

"வேற என்ன சொல்றது? எண்ணி வாங்கிப் பையில போட்டுட்டு, 'சாப்பிட்டியா'ன்னு கேட்டீங்க. அன்னிலேர்ந்து அதையேதான் ரெண்டு பேரும் கேட்டுட்டிருக்கறோம்."

"இத்தனை வருசம் மனசுக்குள்ளயே வச்சுட்டிருந்தியா? கல்லுளிமங்கன்டா நீ."

"எச்சக்கையில காக்கா ஓட்டாத மனுசன்னு ஊரே உங்களைச் சொல்லுது. நான் ஒருத்தன்தான் அப்படியில்லைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

அதன்பின் அவர்கள் பேசியவற்றைத் திருமதி கனகாம்புஜம் எனக்கு முழுமையாகக் கூறவில்லை. அந்தப் பக்கத்து வீட்டில் பழனாத்தாள் ஜன்னலைச் சாத்தினார் என்று மட்டும் கூறினார். சாத்தியபின்பும் கேட்டதாம்.

இறுதியில் நஞ்சப்பன் சொன்னார். "வட்டியோட தர்றேன். எடுத்துட்டுப் போ."

"வட்டியை ஊரானுக்குக் குடுங்க. எனக்கு அந்தக் காசு போதும்."

"சரி, தர்றேன் போடா."

"தாங்க. முதல்ல நகருங்க. இது தேய்க்கற லட்சணமா?"

சென்னியப்பன் எமரித் துணியைப் பிடுங்கிக்கொண்டார். மூன்றாவது சிலிண்டரையும் நான்காவதையும் அவரே கீறினார், ஏசிக்கொண்டே.

இன்ஜினைப் பூட்டிக் காரை வெளியே எடுத்தபின் ஒரு வியாழனன்று நஞ்சப்பன் கூடத்துக்குச் சென்றார். நடந்ததையெல்லாம் சொன்னார். முடிந்தபின் குரு கேட்டார்.

"கார்?"

"புகை இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க. முன்னை மாதிரி இல்லை."

"ஓட ஓட நிக்கும். ஆழியாறு போனீங்களா?"

"போனோமுங்க. போகையிலயும் சண்டை, வரையிலயும் சண்டை. அணையைப் பார்க்கவே இல்லை."

"தம்பி இருக்கறாரா?"

"பெங்களூர் போறானுங்க. ஆனா கிரயத்தை நிறுத்திட்டான். சாவியை என் பக்கம் வீசிட்டு, 'வாரம் ஒருக்காத் திறந்து கூட்டலைன்னா வந்து கேட்பேன்'னான். தேங்காய் போடற அன்னிக்கு வருவானாம். நான் எண்ணினா அவனுக்கு நம்பிக்கை இல்லையாம்."

மரகதம்மாளின் உதட்டோரம் சற்றே அசைந்தது.

"காசு?"

"குடுத்தேனுங்க. எண்ணிப் பார்த்துட்டு, எட்டணா கூடுதலா இருக்குதுன்னு திருப்பிட்டான். 'உங்க தர்மம் எனக்கு வேண்டாம்'கறான். சரியாக் குடுக்க இந்தக் காலத்துல எட்டணாவுக்கு எங்கே போறது? கடைவீதி முழுக்கக் கேட்டேன். சிரிக்கறாங்க. கடைசியில ஒரு மளிகைக் கடைக்காரர் சாமி படத்துக்குக் கீழே வச்சிருந்ததைக் கெஞ்சி வாங்கினேன்."

"வாங்கிக்கிட்டாரா?"

"இன்னொரு தடவை எண்ணித்தான் வாங்கினான். வாங்கிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டான். கொஞ்ச நேரம் வெளியே வரலீங்க. நானும் சுவத்துக்கு இந்தப் பக்கமே நின்னுட்டிருந்தேன்."



"எவ்வளவுங்கண்ணா அது?" என்று குரு கேட்டார்.

நஞ்சப்பன் தலை கவிழ்ந்தார்.

"எழுவத்தாறு ரூபா அம்பது காசுங்க."