சர்வேயர் அடுக்கிய தயிர்

குரு என்றால் நரைத்த தாடி, சீடன் என்றால் அரும்பு மீசை என்றொரு தவறான எண்ணம் நம் நாட்டில் வேரூன்றிக் கிடக்கிறது. இதனால் விளைந்த கேடுகள் கொஞ்சமல்ல. தாடி வளரட்டும் என்று காத்திருந்தே ஞானத்தைக் கோட்டைவிட்டவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆகவே முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது கடமை: கொல்லிமலையில் இருந்த அந்தக் குடிலில் குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்தாறு. குருவுக்குத் தாடி கிடையாது. அவர் பெயர் சௌந்தரநாயகி.

சீடர் மாசிலாமணி அரசாங்கத்தில் நிலம் அளந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மலையேறியவர். மலையில் எல்லோரும் இன்னமும் அவரை சர்வேயர் என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை. இனி ஆகாது என்று அவரே முடிவுகட்டி வைத்திருந்தார், சித்திரை மாதம் வரை.

சித்திரையில், ஒரு வேலித் தகராறைத் தீர்த்துவைக்கச் சொல்லி அடிவாரத்துச் சேந்தமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. போனார். வேலிக்கு இந்தப் பக்கம் பூங்கோதையின் வீடு. தையல்கடை வைத்திருப்பவர், ஐம்பதைத் தொட்டவர், அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. மாசிலாமணி சங்கிலி போட்டு அளந்தார். தகராறு தீர்ந்தது. தீர்ந்த பிறகும் நாலைந்து தடவை அளக்கப் போனார்.

கடைசியில் பூங்கோதையே சொன்னார்: "வேலி எங்கயும் ஓடிப் போகலைங்க. நான் மலைக்கு வந்து நீங்க இருக்கற இருப்பைப் பாக்கறேன். பாத்துட்டுத்தான் சொல்லுவேன். ஒரே ஒரு தடவைதான் வருவேன். அந்த மலை ரோட்டு வளைவெல்லாம் என் தலைக்கு ஆகாது."

அந்த நாள் வந்துவிட்டது.

பெண் பார்க்கப் போனால் பஜ்ஜியும் சொஜ்ஜியும் வரும். பெண் வந்து மாப்பிள்ளையைப் பார்த்தால் என்ன வர வேண்டும்? இதற்கு முன்மாதிரி ஏதும் மாசிலாமணிக்குத் தெரியவில்லை. சேலத்தில் ஒரு கடையில் கண்ணாடி டம்ளருக்குள் தயிரும் பழமும் அடுக்கடுக்காக நிற்பதைப் பார்த்திருந்தார். பர்ஃபே என்று பலகையில் எழுதியிருந்தது. வெளியிலிருந்து பார்க்கும்போதே ஒவ்வொரு அடுக்கும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தது. நிலம் அளந்த மனிதருக்கு இதைவிட அழகான தின்பண்டம் இருக்க முடியாது.

அந்தக் குடிலில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குத் தேவையானதையெல்லாம் முற்றத்தில் வெயில் விழுவதற்குள் முடித்துவிட வேண்டும். மாசிலாமணி விடியலிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல்நாளே தயிரை வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தண்ணீரெல்லாம் வடிந்து அது வெண்ணெய்போல் திரண்டிருந்தது. பாதியை எடுத்து மலைத்தேன் விட்டுக் குழைத்தார். அவலை வறுத்து வெல்லப்பாகில் புரட்டினார். கொய்யா, அன்னாசி, மாதுளை மூன்றும் தனித்தனித் தட்டில்.

குரு வாசலில் வந்து நின்றார்.

"என்னங்க சர்வேயர், கையில ஸ்கேல்?"

"ஒவ்வொரு அடுக்கும் ஒரே உயரமா இருக்கணும்மா. அவல் கீழ, மேல தயிரு, அதுக்கு மேல அன்னாசி, மறுபடி தயிரு, கொய்யா, மறுபடி தயிரு. உச்சியில மாதுளை."

"ஒண்ணோடொண்ணு ஒட்டிக்காதா?"

"ஒட்ட விட மாட்டேன்."

அடுக்கி முடித்த முதல் டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துச் சுற்றிப் பார்த்தார். கோடு சற்றும் கோணவில்லை. மகிழ்ச்சியில் அவருக்குக் காது வரைக்கும் சூடேறியது. ஆனால் அடுத்த டம்ளரை எடுத்ததும் கை நின்றது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். இத்தனை வருஷம் தனியாவே இருந்து பழகிட்டேன். என் நேரம், என் படுக்கை, என் மௌனம். இனிமே இன்னொருத்தர் வந்து சேர்ந்தா, நான் நானா இருப்பேனா? இல்லை, கலைஞ்சு போயிருவேனா?"

குரு காலி டம்ளர்களை எண்ணினார்.

"அந்தம்மா கூட யாரு வர்றா?" என்று கேட்டார்.

"தம்பி வர்றாரு. தணிகாசலம்னு பேரு."

"அப்போ எனக்கும் ஒரு டம்ளர் சேத்துப் போடுங்க." போய்விட்டார்.

டம்ளர்களை ஈரமணல் தொட்டியில் புதைத்து, துணி போட்டு மூடினார் மாசிலாமணி. அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை. வாசலைக் கூட்டினார். கூட்டிய வாசலை மறுபடி கூட்டினார். சட்டையை மாற்றினார். பழைய சட்டையே பரவாயில்லை என்று அதையே போட்டுக்கொண்டார். குரு இதையெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

பிற்பகலில், பேருந்து வரும் நேரம் நெருங்கியபோது, துணியை விலக்கினார். விலக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கோடு எதுவும் இல்லை. அவல் ஊறி உப்பிப் பக்கவாட்டில் சரிந்திருந்தது. அன்னாசிக்கு மேலும் கீழும் தயிர் தண்ணீர் விட்டு நெகிழ்ந்துபோயிருந்தது. மாதுளையின் சிவப்பு கண்டபடி கீழே இறங்கியிருந்தது.

குரு ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தார்.

"கசக்குது."

"கசக்குதா?"

"வேகவைக்காத பச்சை அன்னாசியைத் தயிரோட இவ்வளவு நேரம் விட்டா கசக்கும்."

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"காலையில சொல்லியிருக்கலாமே."

"நீங்க எனக்கு ஸ்கேலைத்தான் காமிச்சீங்க."

கீழே, மலை வளைவில், பேருந்தின் ஹாரன் கேட்டது. மாசிலாமணி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "போச்சும்மா. ஒரே ஒரு தடவை வர்றாங்க. கசப்பையா கொடுக்கறது? புதுசா அடுக்க நேரமில்லையே."

"துணியில மிச்சத் தயிரு இருக்கில்ல?"

"இருக்கு."

"பழம்?"

"இருக்கு. அவலும் டப்பாவுல கொஞ்சம் இருக்கு. ஆனா அடுக்க நேரம்..."

"அடுக்க வேணாம். எல்லாத்தையும் தனித்தனிக் கிண்ணத்துல வைங்க. காலி டம்ளரை நடுவுல வைங்க."

"வந்த விருந்தாளிகிட்ட வேலை வாங்கறதாம்மா?"

"வேகமா வைங்க," என்றார் குரு.

பூங்கோதை மல்லிகைச் சரம் வாடாமல் வந்து சேர்ந்தார். தலைக்கு ஆகாத வளைவுகள் அவரை ஒன்றும் செய்யவில்லை. தம்பிதான் வெளுத்துப்போய் எலுமிச்சம்பழத்தை மூக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

"இந்த ரோட்டையும் நீங்கதான் அளந்து போட்டீங்களா?" என்றார் தணிகாசலம்.

"இல்லீங்க. நான் நேராத்தான் போடுவேன்."

பூங்கோதை சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். கிண்ணங்களைப் பார்த்தார். காலி டம்ளரைப் பார்த்தார்.

"என்னங்க இது? பாதியிலயே விட்டுட்டீங்களா?"

மாசிலாமணி குருவைப் பார்த்தார். குரு கூரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நடந்ததைச் சொல்லிவிட்டார் மாசிலாமணி. விடியலில் அடுக்கியதை, ஸ்கேல் வைத்ததை, மணலில் புதைத்ததை, கசந்ததை. ஒன்றையும் மறைக்கவில்லை.

"ஸ்கேல் வச்சா?" என்றார் பூங்கோதை.

"ஆமாங்க."

"எனக்காகவா?"

"ஆமாங்க."

பூங்கோதை டம்ளரை முன்னால் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு எந்தப் பழம் பிடிக்கும்?"

"கொய்யா."

"எனக்கு மாதுளை. அன்னாசி?"

"வேணாங்க. இன்னிக்கு வேணாம்."

பூங்கோதை கொய்யாவைப் போட்டார். தயிரை விட்டார். மாதுளையைப் போட்டார், மறுபடி தயிர், மேலே மொறுமொறுவென்று அவல். கையளவுதான், ஸ்கேல் இல்லை. ஆனாலும் அடுக்குகள் அழகாக நின்றன. மாசிலாமணிக்கு மூச்சு வந்தது. அடுத்த நொடியே பூங்கோதை கரண்டியை அடிவரைக்கும் விட்டு ஒரு சுழற்று சுழற்றினார்.

"ஐயையோ, எல்லாம் கலந்து போச்சே," என்றார் மாசிலாமணி.

"வயித்துக்குள்ள போயி வரிசையில நிக்கப் போகுதா? சாப்பிட்டுப் பாருங்க."

மாசிலாமணி ஒரு வாய் சாப்பிட்டார். பூங்கோதை அதே டம்ளரை வாங்கித் தாமும் ஒரு வாய் சாப்பிட்டார். அவல் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. தணிகாசலம் எலுமிச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தணிகா," என்றார் பூங்கோதை, "ஆவணியில வச்சுக்கலாம்."

"எதைக்கா?"

"உன் காதுகுத்தை."

தணிகாசலத்துக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், தலைச்சுற்றல் போன இடம் தெரியாமல், தமக்கும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்னாசி மட்டும் போட்டு.

அவர்களைச் சாயங்காலப் பேருந்தில் ஏற்றிவிட்டு மாசிலாமணி ஓடியே வந்தார். ஐம்பத்தாறு வயதில் அது நல்ல வேகம். குரு பின்கட்டில், காலையில் அடுக்கிய கசப்புத் தயிரை எருக்குழியில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, காலையில நான் ஒண்ணு கேட்டேனே. நீங்க பதிலே சொல்லலை."

"என்ன கேட்டீங்க?"

"இன்னொருத்தரோட சேர்ந்தா நான் நானா இருப்பேனா, கலைஞ்சு போயிருவேனான்னு."

குரு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். "அது என்ன, வந்ததுலேர்ந்து நாக்கை வாய்க்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கீங்க?"

"கொய்யா விதைம்மா. கடவாய்ப் பல்லுல மாட்டிக்கிச்சு. வர மாட்டேங்குது."

"எந்தக் கொய்யா?"

"அவங்க கலக்கிக் கொடுத்தாங்களே, அந்த டம்ளர்ல இருந்த கொய்யா."

"அதான் கலந்து போச்சுன்னீங்களே," என்றார் குரு.

மாசிலாமணி நாக்கால் அந்த விதையை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

ஆவணியில் மாசிலாமணி சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போனார்; அன்றிலிருந்து குடிலில் டம்ளர் கழுவுவது குருவின் வேலையாயிற்று.