ஏழு பலம் இரும்பு

குன்றின் அடிவாரத்தில் ஒரு நீல ஊற்று இருந்தது. அந்த நீரைக் கல்தொட்டியில் தேக்கி, உடைந்த ஏர்க்கொழு, தேய்ந்த மண்வெட்டி, வளைந்த ஆணி என்று இரும்பாக எது கிடைத்தாலும் போட்டு வைப்பார்கள். சில நாளில் இரும்பு மறைந்து, அதன் இடத்தில் சிவந்த சேறு படிந்திருக்கும். அதை வழித்து உலையில் உருக்கினால் செம்பு.

மருதவாண ஆசானின் குருகுலத்துக்குச் சோறு போட்டது அந்தச் செம்புதான். “இந்த நீர் இரும்பைச் செம்பாக மாற்றிவிடுகிறது” என்பார் ஆசான். சீடர்கள் தலையாட்டுவார்கள்.

எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியவன் செங்கோடன். அவன் ஒன்றும் இளவட்டம் அல்ல. ஆசானைவிட ஒரு வயது மூத்தவன். சந்தையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவன். வந்த புதிதில் உப்பு, விறகு என்று எதையும் நிறுத்துப் பார்ப்பான். ஆசானோ கையில் தூக்கியே எடை சொல்லிவிடுவார். அதைப் பார்த்து அவனும் தராசைப் பரணில் போட்டுவிட்டான். ஆசான் பேசுமுன் கனைப்பார்; அவனும் கனைத்தான். ஆசானுக்கு மூட்டுவலி, இடக்காலைச் சாய்த்து நடப்பார். அவன் வலியில்லாமலே சாய்த்து நடந்தான்.

“சின்ன ஆசான் வருகிறார், வழிவிடுங்கள்” என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அதைக் கேட்டு அவன் மகிழ்ந்துபோவான்.

ஒருநாள் அக்கரை ஊரார் படகேறி வந்தார்கள். தங்கள் பக்கமும் நீல ஊற்று ஒன்று கிளம்பியிருக்கிறது, வேலையைச் சொல்லித்தர ஓர் ஆசான் வேண்டும் என்றார்கள். மருதவாணர் யோசிக்கவே இல்லை, செங்கோடனைக் கைகாட்டினார். பௌர்ணமிக்கு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

செங்கோடனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆசானிடம் போய் நின்றான்.

“என்னை அனுப்பாதீர்கள், ஆசானே.”

“ஏன்?”

“நான் இன்னும் நீங்களாக ஆகவில்லை.”

செங்கோடன் தொட்டிப் பக்கம் கைகாட்டினான்.

“தொட்டியில் கிடக்கிற ஆணிகூடச் செம்பாக மாறிவிடுகிறது. இத்தனை வருஷம் உங்களிடம் ஊறியும் நான் மாறவில்லையே?”

“ஆணி மாறியதைப் பார்த்தாயா?”

“எல்லோரும்தானே பார்க்கிறோம்.”

“நிறுத்துப் பார்த்தாயா? நான் பார்த்ததில்லை.”

ஆசான் பரணைக் காட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

தராசில் தூசி தட்டும்போதே அவன் முகம் மாறிவிட்டது. ஏழு பலம் ஆணியை நிறுத்து, ஒரு பெரிய தாழியில் நீல நீரை நிரப்பி உள்ளே போட்டான். ஆணி முழுவதும் மறைந்த பிறகு, அடியில் இருந்த சிவந்த சேற்றை அலசி, நிழலில் உலர்த்தித் தட்டில் வைத்தான். எட்டுப் பலம் நின்றது. மயிரிழை குறைவு, அவ்வளவுதான்.

மறுபடி நிறுத்தான். எட்டுதான்.

ஏழு, எட்டானது எப்படி? கூடுதல் ஒரு பலத்தைக் கொடுத்தது யார்? தாழிக்குள் எட்டிப் பார்த்தான். நீரில் நீலம் போய் வெளிர்பச்சை நின்றது. அதைக் காய்ச்சி வற்றவைத்தான். அன்னபேதி போலப் பச்சை உப்புக்கட்டி படிந்தது. அதில் கொஞ்சம் எடுத்துக் கரைத்துக் கடுக்காய்ச் சாற்றை விட்டதும், நீர் மை போலக் கறுத்தது. சாயக்காரர்கள் துணிக்குக் கறுப்பு ஏற்றுவது இப்படித்தான். இரும்பு இருந்தால்தான் கறுக்கும். ஊற்றிலிருந்து புதிதாக மொண்டுவந்த நீரில் அதே சாற்றை விட்டான். கறுக்கவில்லை.

செங்கோடன் ஓடினான். கனைக்கவில்லை, காலைச் சாய்க்கவில்லை. கையெல்லாம் மை.

“மாறவில்லை ஆசானே! செம்பு முதலிலிருந்தே நீருக்குள் இருந்திருக்கிறது. இரும்பு நீருக்குள் போகிறது, செம்பு வெளியே வருகிறது. ஏழு பலம் உள்ளே போனால் எட்டுப் பலம் வெளியே.”

ஆசான் இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னான்.

“இருபத்தொரு பலம் இரும்பு போட்டால்?”

“இருபத்துநாலு பலம் செம்பு. ஆனால் நீரில் நீலம் மிச்சம் இருக்கிறவரைதான். அது தீர்ந்தால் எவ்வளவு இரும்பு போட்டும் பயனில்லை.”

ஆசான் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். இத்தனை காலமாக மாறுகிறது, மாறுகிறது என்று தானும் சொல்லி, ஊரையும் நம்பவைத்ததை நினைத்து நினைத்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மற்ற சீடர்களும் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குக் கடுக்காய்ச் சாற்றை விட்டுப் பார்த்து, ஒருவர் மூக்கில் ஒருவர் மை தடவிக்கொண்டு ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அதற்குள் அக்கரைப் படகு துறையில் வந்து நின்றது.

படகைக் கண்டதும் செங்கோடனின் சிரிப்பு நின்றது.

“ஆசானே, ஆணியே மாறவில்லை என்றால் நானும் மாறப்போவதில்லை. நீங்களாக ஆகாமல், அங்கே போய் நான் எதைச் சொல்லித்தருவேன்?”

ஆசான் அவன் மைக்கையைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்குள்ளிருந்து உன்னை வெளியே அனுப்பிவிட்டு நான் வந்து உட்கார்ந்திருந்தால், இன்றைக்கு அந்த ஏழு பலத்தை யாரப்பா நிறுத்துப் பார்த்திருப்பார்கள்?”