‘ம’வில் தொடங்கிய சொல்

பேராசிரியர் ஞானசௌந்தரியிடம் புவியியல் படித்து, அவர் துறையிலேயே வேலைக்குச் சேர்ந்தவன் நவாஸ். இப்போதும் ஒரு சங்கடம் என்றால் அவர் அறை வாசலில்தான் வந்து நிற்பான்.

அன்றும் வந்து நின்றான்.

“என்னப்பா, முகமே சரியில்லை?”

“வைவா பரீட்சைல ஒரு பிள்ளைக்கு சைபர் போட்டுட்டேன் மேடம். மனசு கேக்கல.”

உங்கள் ஊர் ஏரி ஏன் நிரம்புவதில்லை என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருந்தான். வகுப்பு மொத்தமும் ஏஐ எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்து நீட்டியது. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவராக எதிரில் உட்காரவைத்து அதே கேள்வியைக் கேட்டான். வாயுள்ளவர்கள் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள். முத்துப்பேச்சிக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். பின்னாலிருந்து யாரோ, “பேருல மட்டும்தான் பேச்சி” என்று சிரித்தார்கள். அவள் எழுந்து போய்விட்டாள். இதில் தேறாவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் வீண்.

“எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவு நேரம். அவளுக்கு மட்டும் எப்படி மேடம் விட்டுக்கொடுக்கிறது? நான் செஞ்சது நியாயந்தானே?”

“அவளைக் கூட்டிட்டு வா.”

முத்துப்பேச்சி வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. ஞானசௌந்தரி தன் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. உங்க ஊர் ஏரி ஏன் நிரம்பல?”

“ம...” உதடு துடித்தது. “ம... ம...”

ஞானசௌந்தரி காத்திருந்தார். அந்தப் பெண் படும் பாட்டை நவாஸால்தான் பார்க்க முடியவில்லை.

“மழையா? மழை இல்லைன்னு சொல்ல வர்றியா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஞானசௌந்தரி திரும்பிப் பார்க்காமலே அவன் கையைப் பிடித்து அழுத்தினார். விடவில்லை. மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது.

“ம... மதகு.”

“மதகா?”

“மழை நல்லாத்தான் பெய்யுது மேடம். ஏரிக்குள்ளயே நெல்லு ந... நட்டிருக்காங்க. தண்ணி ஏறினா பயிரு முங்கிரும்ல. அதான் மதகைத் தி... திறந்து விட்டுருவாங்க.”

“யாரு?”

இந்த முறை இன்னும் நேரமாயிற்று. யாரும் அவசரப்படவில்லை.

“எ... எங்கப்பாவும்தான்.”

சொன்னதும் அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஞானசௌந்தரி முந்தானையால் துடைத்துவிட்டார்.

“நல்லா சொன்னே கண்ணு. பாஸ் பண்ணிட்டே. போய்ச் சாப்பிடு.”

அவள் போன பிறகும் நவாஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானாவே ஒரு வார்த்தையை எடுத்துக் குடுத்தேன் பாருங்க மேடம்.”

“பாவம்னு நினைச்சுத்தானே குடுத்தே.”

“மத்த பிள்ளைங்களையும் இப்படித்தான் கேக்கணுமோ?”

“கேளேன்.”

“அறுபது பேர் மேடம். நேரத்துக்கு எங்க போறது?”

ஞானசௌந்தரி சிரித்தார்.

“கட்டுரையை ஏன் நீங்களே எழுதலன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டியா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“நேரமில்லைன்னு...” என்று தொடங்கிய நவாஸ், நாக்கைக் கடித்துக்கொண்டான்.