விட்டிலைக் காதலித்த பல்லி

விட்டில் பூச்சி விளக்கின் மேல் கொண்ட காதலால் தீயில் விழுந்து சாகிறது என்று ஒரு நம்பிக்கை நாடெங்கும் உலவுகிறது. கவிதைகளில்கூட ஏறிவிட்டது. மனித அறிவின் வரலாற்றில் இதைவிடப் பெரிய பிழை நேர்ந்ததில்லை என்பதால், இங்கேயே திருத்திவிடுவது கடமையாகிறது. விட்டில் காதலித்தது பல்லியை.

உயிர்களெல்லாம் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சுடுகாட்டை ஒட்டிய ஒரு சத்திரத்தின் சுவரில் வடிவு என்ற பல்லி இருந்தாள். அப்போது பல்லிகளுக்கு இமை உண்டு, நல்ல குரலும் உண்டு. அவளைச் சந்திரகாந்தன் என்ற விட்டில் விரும்பினான். அவளும் விரும்பினாள்.

விட்டில் குலத்தில் ஒரு வழக்கம். மாப்பிள்ளை ஆகப்போகிறவன் நிலாவை வலம்வந்து அனுமதி வாங்க வேண்டும். சந்திரகாந்தன் புறப்பட்டான். சத்திரத்து விளக்கை வலம்வந்தான். பொசுங்கி விழுந்தான்.

வடிவு சாம்பலை இலையில் அள்ளிக்கொண்டு சுடுகாட்டுக் கூகையிடம் ஓடினாள். செத்ததை எழுப்பும் மந்திரம் அதற்குத் தெரியும்.

"எழுப்பலாம். ஆனா உன் உடம்பிலிருந்து ஒண்ணு போகும். இமையைக் கொடு" என்றது கூகை.

கொடுத்தாள். சந்திரகாந்தன் சிறகை உதறிக்கொண்டு எழுந்தான்.

"ஏன் வடிவு, இப்படி முறைச்சுப் பார்க்கிறே?"

"முறைக்கலை. மூட முடியலை."

"சரி, நான் போய் நிலாவைச் சுத்திட்டு வந்துடறேன்."

"அது நிலா இல்லைங்க, விளக்கு. நிலாவுக்கு யாராவது எண்ணெய் ஊத்துவாங்களா?"

"குல வழக்கத்தைக் கேலி பண்ணாதே" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போய்ப் பொசுங்கினான்.

இரண்டாம் முறை வால் போனது.

"வால் முளைக்கும், ஆனா பழையபடி உறுதியா ஒட்டாது" என்றது கூகை. "ஏம்மா, நீ வேற யாரையாவது பார்க்கக் கூடாதா?"

"இவரைப் பார்த்துத் தொலைச்சுட்டேனே அக்கா."

எழுந்தவன் அவளைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தான். "வால் எங்கே?"

"உங்க நிலாவைக் கேளுங்க."

கேட்கத்தான் போனான். மூன்றாம் முறை நடந்ததில் விவரிக்க ஒன்றுமில்லை. அதே விளக்கு, அதே வலம், அதே இலையில் சாம்பல்.

"இனி உன்கிட்ட இருக்கிறது பேச்சுதான்" என்றது கூகை.

வடிவு தயங்கினாள். "பேச்சும் போயிட்டா அவரை எப்படித் தடுப்பேன்?"

"பேச்சு இருந்தப்போ நின்னானா?"

பேச்சையும் கொடுத்தாள்.

அவர்கள் சுவருக்குத் திரும்பியபோது சத்திரத்தில் விளக்கேற்றும் நேரம். சந்திரகாந்தன் முகம் மலர்ந்தது. "இன்னைக்குப் பௌர்ணமி போலிருக்கு. ஒரே சுத்து, வந்துடறேன்."

வடிவு கத்த வாயைத் திறந்தாள். 'ச்சு ச்சு' என்ற ஓசைதான் வந்தது.

"முத்தமெல்லாம் வந்து வாங்கிக்கிறேன்" என்று அவன் பறந்தான்.

கொடுக்க இனி அவளிடம் எதுவும் இல்லை. இன்னொரு முறை எரிந்தால் எரிந்ததுதான். சுவரோடு ஓடி, நான்கு கால்களும் பிடிமானத்தில் இருக்க, சுடருக்கு விரற்கடை முன்னால் அவனை வாயால் கவ்வினாள். வெறுமனே பிடித்து வைக்கத்தான் நினைத்தாள்.

"விடு வடிவு, நல்ல நேரம் போகுது" என்றான் உள்ளேயிருந்து. சிறகை அடித்தான். திறந்தால் விளக்குக்குத்தான் போவான் என்று அவளுக்குத் தெரியும். வாயை இன்னும் இறுக்கினாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான், பிறகு பேசவில்லை. வெகுநேரம் அப்படியே இருந்தாள். கடைசியில் எச்சில் விழுங்க வேண்டியிருந்தது.

அந்த மாலையிலிருந்துதான் பல்லி விளக்கருகே காத்திருக்கிறது. கைக்கெட்டிய எந்த விட்டிலையும் தீக்கு விடுவதில்லை. விழுங்கிவிட்டு, மூடாத கண்ணோடு உச்சுக்கொட்டுகிறது.

வடிவு அன்று உச்சுக்கொட்டியபோது, கீழே கூடத்தில் இரண்டு வீட்டார் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பல்லி சொல்லிவிட்டது என்று ஒரு பெரியவர் விரலால் தரையைத் தட்டினார். தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள்.