மணல் வீட்டுப் பூச்சியின் கதவு

டிக். டிக். டிக்.

முன்னொரு காலத்தில், கேளுங்கள், மேகம் படுத்துறங்கும் ஒரு மலையடியில், விளக்கணைந்த பிறகு செங்கமலத்தின் தண்ணீர்க் குடத்துக்குள்ளிருந்து இந்தச் சத்தம் வந்தது. சில நாளாகவே அவள் பிள்ளை கஞ்சி ஊட்டினால் கக்குகிறது, அழக்கூடத் தெம்பில்லை. அவளுக்கு ஏற்கெனவே குலைநடுக்கம். இப்போது இது வேறா?

"யா... யாரது?"

"நான்தான் தாயி. உன் குடத்து வாயில் கட்டின துணியின் கிழிசல் வழியா உள்ளே வந்தேன்."

அரிசி நீளப் புழு ஒன்று. மணலைக் கோத்துக் கட்டிய குழல் வீடு அதன் மேல்.

"கல்லால் கதவடைத்துத் தூங்கினால்தான் எனக்கு றெக்கை முளைக்கும். வைக்கிற கல்லெல்லாம் விழுகிறது. அந்தச் சத்தம்தான் நீ கேட்டது. ஓடையிலே செம்பு கரைந்திருக்கு. கல்லை ஒட்டவைக்கும் நூல் நூற்க எனக்குத் தெம்பில்லை. என் கூட்டமே போச்சு."

"எங்கள் ஓடை இப்போதுதானே சுத்தமாச்சு! குடத்து வாயில் துணி கட்டித்தான் பிடிக்கிறோம். முன்னெல்லாம் துணி நிறையப் பூச்சி. இப்போது ஒன்றுகூட..."

சொல்லும்போதே பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

மலைமேல் செம்பன் என்றொரு மந்திரவாதி. பறக்கும் செப்புக் குதிரை வார்க்க உலை மூட்டி, கசடையெல்லாம் ஓடையில் கழுவுகிறான். அந்திதோறும் கரைக்கு வந்து, "தண்ணீர் எப்படி?" என்பான். ஊரார் வெறுந்துணியை உதறிக் காட்டி, "சுத்தம், சுத்தம், சுத்தம்!" என்பார்கள். அந்தச் சொல்தான் அவன் உலைக்குக் காற்று. பூச்சி சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது.

பூச்சியை நாலு பொடிக்கல்லோடு மழைநீர்க் கிண்ணத்தில் விட்டாள். மறுநாள் அந்தியில் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு கரையில் நின்றாள்.

"தண்ணீர் எப்படி?"

"சுத்தம், சுத்தம்..."

"இல்லை!" என்றாள்.

"ஏண்டி, குடம் குடமாய்ப் புழு வடிகட்டினது மறந்துபோச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு.

"புழுவே பிழைக்காத தண்ணியிலே என் பிள்ளை எப்படிக்கா பிழைக்கும்?"

செம்பன் உறுமினான். "சுத்தம் என்று சொல். இல்லையென்றால் உன் பிள்ளை செப்புப் பொம்மை!"

பிள்ளையை இறுக்கிக்கொண்டு, ஒரு கை நீரை அள்ளி நீட்டினாள். "நீ ஒரு மடக்குக் குடி. அப்புறம் சொல்கிறேன்."

செம்பன் நீரைப் பார்த்தான். பின்னால் நகர்ந்தான்.

"குடியேன்யா!" என்றாள் வள்ளிக்கண்ணு. அவள் கைத்துணி நழுவி ஓடையோடு போயிற்று.

அதற்குப் பிறகு யார் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. மலைமேல் உலை அவிந்தது. குதிரை கல்லானது. செம்பன் புகையாய்க் கலைந்தான்.

ஓடை உடனே தேறிவிடவில்லை. ஊர் மழைநீரைப் பிடித்துக் குடித்தது. பிள்ளைக்குக் கஞ்சி வயிற்றில் தங்கியது. வீடு அதிர அழுதான். அவளுக்கோ பயம் போகவில்லை. இரவெல்லாம் கிண்ணத்தருகே காது வைத்துக் கிடந்தாள்.

டிக்.

டிக்.

அடுத்த சத்தம் வரவேயில்லை. பதறி விளக்கை ஏற்றினாள்.

கல் ஒட்டியிருந்தது. மணல் வீட்டின் கதவு, உள்ளிருந்து, இறுக அடைத்திருந்தது.