பென்சில் பட்ட பாடநூல்

ஒரு கல்லூரியில் மெஹருன்னிசா என்றொரு தத்துவப் பேராசிரியை இருந்தார். முதலாண்டு மாணவிகளுக்கு அறத்தையும் ஆராய்ந்து சிந்திப்பதையும் கற்பிப்பது அவர் வேலை. ஒருநாள் அவர்களைச் சோதித்துப் பார்க்க, "பொய்யே சொல்லாதவர்கள் எல்லோரும் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள்" என்றார். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் கேட்டாள்: "மேடம், இது ரெண்டு மார்க்கா, அஞ்சு மார்க்கா?"

இவர்களுக்கு நல்ல பாடநூல் ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். கடையில் மூன்று புத்தகங்களைப் பார்வைக்கு வாங்கி வந்து வகுப்பு மேசையில் வைத்தார்.

"சாப்பிட்டுட்டு வந்து புரட்டிப் பாருங்க. ஒண்ணைத்தான் எடுக்கப் போறோம். மத்ததெல்லாம் கடைக்குத் திரும்பப் போயிடும்."

வகுப்பு காலியானதும் புத்தகங்கள் வாய் திறந்தன.

"என்னைத்தான் எடுப்பார்கள்," என்றது தடித்த புத்தகம். "என்னை எழுதியவர் பெரிய அறிஞர். ஆகவே நான் சொல்வதெல்லாம் சரி."

"இப்படி வாதாடக் கூடாதென்று உன் ஒன்பதாம் அத்தியாயமே சொல்கிறதே!" என்றது படங்கள் நிறைந்த வண்ணப் புத்தகம்.

"அது மாணவர்களுக்கு."

"எல்லோரும் என்னைத்தான் வாங்குகிறார்கள். அப்படியென்றால் நான்தானே சிறந்த புத்தகம்?"

"அதுவும் ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது," என்று கனைத்தது தடித்த புத்தகம்.

மூன்றாவதாகக் கிடந்த கைடு கொட்டாவி விட்டது. "சண்டை எதற்கு? என்னை விட்டால் எல்லோரும் பெயில். பயம் போதும், பிள்ளைகள் தானாக வருவார்கள்."

முதலில் வந்தவள் பிரிசில்லா. அவள் மனதில் ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் பட்டறை வேலை போய்விட்டது. அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆகியிருந்ததால் அண்ணனும் அவளும் அதை அம்மாவிடம் மறைத்துவிட்டார்கள். அது சரியா?

கைடைத் திறந்தாள். 'பொய் சொல்வது தவறு' என்று ஒரே வரி; அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. வண்ணப் புத்தகத்தில், 'எல்லாப் பக்கமும் நியாயம் உண்டு' என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டு நின்றான்.

தடித்த புத்தகம், மறைப்பது ஏன் தவறு என்று மூன்று காரணங்கள் சொன்னது. முதல் இரண்டுக்கும் தலையாட்டிய பிரிசில்லா மூன்றாவதில் நின்றாள். 'உண்மை தெரியாதவர் தானாக முடிவெடுக்க முடியாது.' ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 'நெஞ்சு தாங்காதவங்க என்ன முடிவெடுப்பாங்க?'

"ஐயோ, என்னைக் கறைப்படுத்திவிட்டாளே!" என்று தடித்த புத்தகம் அலறியது.

"இனி கடைக்காரன்கூட உன்னைத் தொடமாட்டான்," என்று சிரித்தது கைடு.

பிற்பகல் வகுப்புக்கு வந்த மெஹருன்னிசாவின் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கிறுக்கல்தான். பிரிசில்லா எழுந்து நின்றாள்.

"சாரி மேடம். அது சொல்றது எனக்கு ஒத்துவரலை. கோபத்துல எழுதிட்டேன்."

"மத்த ரெண்டுலயும் கோபம் வரலையா?"

"கோபப்பட அதுல ஒண்ணுமே இல்லையே மேடம்."

மெஹருன்னிசாவின் முகம் மலர்ந்தது. "அப்ப இதுதான் நம்ம புத்தகம். நீ இன்னைக்கு வீட்டுக்குக் கொண்டுபோ. மீதி சண்டையையும் போட்டுட்டு வா."

பையில் ஏறிய புத்தகத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பார்த்தாயா, என் மூன்றாவது காரணம்தான் ஜெயித்தது!" என்று வழியெல்லாம் சாப்பாட்டு டப்பாவிடம் பீற்றிக்கொண்டது.

வீட்டில் அம்மா கட்டிலில் சாய்ந்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்றாவது காரணத்தோடு வழி முழுக்கச் சண்டை போட்டும் பிரிசில்லாவால் ஜெயிக்க முடியவில்லை. அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் அருகில் உட்கார்ந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா பதறக் கூடாது. அண்ணனுக்கு வேலை போயிட்டு."

அம்மாவின் கை நிற்கவில்லை. "தெரியும் மக்ளே. பட்டறைக்குப் போறவன் சட்டையில கிரீஸ் இல்லாம இருக்குமா? தினமும் சுத்தமா வருது."

"பிறகு ஏம்மா கேக்கல்ல?"

"எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் ஒடிஞ்சு போவீங்கன்னுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

பைக்குள் புத்தகம், இப்படி ஒரு மறைத்தலுக்குத் தன்னிடம் பதில் இருக்கிறதா என்று பக்கங்களை அவசரமாகத் தேடிப் பார்த்தது; எங்கும் இல்லை. பிறகு பேசாமல் கேட்கத் தொடங்கியது.