மூடுபனியில் கூப்பிடக்கூடாது

"நல்ல நோக்கத்தோடு போட்ட சட்டம், அம்மா. அதில் நான் எப்படிக் கை வைப்பது?"

கேட்டவர் நீதிபதி தென்னவராயர். பதில் சொல்லவேண்டியவள் கோமளவல்லி. வயதில் அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் சிக்கலான வழக்கு வந்தால் மலையேறி அவளிடம் வருவது அவர் வழக்கம்.

அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

கீழே, ஏரிக்கரை ஊரின் சட்டம் அது. மூடுபனி இறங்கினால் கரையில் யாரும் குரல் எழுப்பக்கூடாது, எழுப்பினால் சிறை. போன பனிக்காலத்தில் எவனோ ஒருவன் கரை உடைந்தது என்று பொய்யாகக் கத்தியிருக்கிறான். ஊரே ஓடியது. நெரிசலில் ஒரு குழந்தை போயிற்று.

வழக்குப் போட்டவள் செல்லக்கொடி. அவள் புருஷன் ஏரியில் வலை போடுகிறவன். பனியில் அவனுக்குக் கரை தெரியாது. அவள் கூப்பிடுவாள், அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்வான். இப்போது கூப்பிட்டால் அவளுக்குச் சிறை. கூப்பிடாவிட்டால் அவனுக்கு ஏரி.

நாளை தீர்ப்பு.

"அவளிடம் என்ன கேட்டீர்கள், ஐயா?"

ஏன் கூப்பிடவேண்டும், விளக்கு வைத்தால் ஆகாதா, அவன் வேறு தொழில் பார்க்கக்கூடாதா என்று நாளெல்லாம் கேட்டதாகச் சொன்னார். பதில் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

"அரசு வக்கீலிடம்?"

"குழந்தை இறந்தது என்றார். அதற்குமேல் என்ன கேட்பது? தலை குனிந்தேன்."

தலை குனிவது சுலபம். கழுத்துக்கும் நல்லது.

பனி இறங்கிவிட்டதா பார்த்துவிட்டு வரும்படி அவள் சொன்னாள். அவர் வெளியே போனார்.

இறங்கியிருந்தது. வேலியை அழித்து, மரங்களைக் கழற்றி எங்கோ வைத்துவிட்டு, அவர் கால்களையும் வாங்கிக்கொண்டது. ஏரி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. சத்தம்கூட.

பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

தட்டினார்.

"ஏன் உள்ளே வரவேண்டும்?" என்றது கதவு.

குளிர்கிறது என்றார். நிரூபிக்கச் சொன்னது. தோளில் சால்வை இல்லையா என்றது. ஊரில் வேறு யாரும் வெளியே நிற்பதில்லையா என்றது. ஒவ்வொன்றுக்கும் பணிவாகப் பதில் சொன்னார். பனி வாய்க்குள் போனது. குரல் கம்மியது.

கடைசியில் பொறுமையும் போயிற்று.

"கதவைச் சாத்தியது நீங்கள். காரணத்தை நான் ஏன் சொல்லவேண்டும்? ஏன் சாத்தினீர்கள், அதை நீங்கள் சொல்லுங்கள்."



"பூனை வந்து பாலைக் குடித்துவிடுகிறது, ஐயா."

"பூனைக்காகவா? பாலை மூடிவைத்தால் போதாதா?"

தாழ்ப்பாள் விலகியது.

கதவு திறந்துதான் இருந்தது. அவர் உள்ளே வரவில்லை. பனிக்குள் திரும்பி நடந்தார்.

மறுநாள் தீர்ப்பு கேட்க ஊரே வந்திருந்தது. செல்லக்கொடி எழுந்து கைகூப்பி நின்றாள். அரசு வக்கீல் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"நீ உட்காரம்மா," என்றார் நீதிபதி. "அவர் எழுந்திருக்கட்டும்."